மரியாதைக்குச் சொன்னது

அந்தப் பை மேல கால் படாம பார்த்துக்கோங்க தம்பி. வேண்டாம் வேண்டாம், மேல பலகையில வைக்க வேண்டாம், இவன் போடற பிரேக்குக்கு விழுந்துடும். என் மடியிலயே இருக்கட்டும். உள்ள துணிதான். துணின்னாலும் மிதிக்கிறதுக்கு இல்லை பாருங்க.

திருச்சிக்குத்தானே? நானும்தான். ரெண்டு பஸ் மாறி வரேன். மருந்துக் கம்பெனி ரெப்புன்னு உங்க பையைப் பார்த்தாலே தெரியுது. அந்தக் காதுல மாட்டியிருக்கறதைக் கொஞ்சம் கழட்டுங்க, உங்களை ஒண்ணு கேட்கணும். ஒரு டாக்டர் இருக்கார், 'அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்'னு சொல்றார். அடுத்த வாரம் நீங்க நெஜமாவே போய் நிப்பீங்களா?

நிப்பீங்களா! சரி, உங்க தொழில் அப்படி, உங்களை விடுங்க. பொதுவா நம்ம ஜனங்களைச் சொல்றேன். தெருவுல ஒருத்தரைப் பார்க்கறோம், 'ஒரு நாள் குடும்பத்தோட வீட்டுக்கு வாங்க'ன்னு சொல்றோம். அவரும் 'கண்டிப்பா வரேன்'ங்கறார். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுப் போயிடறோம். யாராவது மறுநாள் பெட்டி படுக்கையோட வந்து வாசல்ல நிப்பானா? நின்னா அவனை என்னன்னு சொல்வோம்? அறிவு இருக்கான்னு கேட்க மாட்டோம்? அந்த மாதிரி அறிவில்லாத ஒரு கூட்டத்தாலதான் என் பொழைப்பு நாறிப்போச்சு. நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

நான் ஒரு பல்கலைக்கழகத்துல வணிகவியல் பேராசிரியர். தனுஷ்கோடின்னு பேரு. எந்தப் பல்கலைக்கழகம்னு சொல்ல மாட்டேன், இன்னும் சம்பளம் அங்கதான் வருது. போன வருஷம் வரைக்கும் பன்னாட்டு உறவுகள் இயக்குநர். தனி ரூம், வாசல்ல பித்தளைப் பலகை, ஏ.சி. என்ன வேலைன்னு கேளுங்க. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோட ஒப்பந்தம் போடறது. எம்.ஓ.யூ.ன்னு சொல்வோம். ஒத்துழைப்பா இருப்போம், மாணவர்களைப் பரிமாறிக்குவோம், சேர்ந்து ஆராய்ச்சி பண்ணுவோம்னு எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடறது.

போட்டா? போட்டா அவ்வளவுதான். வேற என்ன? சிவப்பு உறை போட்ட ஃபைலை ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு கேமராவைப் பார்ப்பாங்க. மறுநாள் பேப்பர்ல வரும். போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நிர்வாகக் கட்டடத்துத் தாழ்வாரத்துல மாட்டுவோம். மதிப்பீட்டுக் குழு வர்றப்ப அந்தத் தாழ்வாரம் வழியாத்தான் கூட்டிட்டுப் போவோம். அவங்களும் பார்த்து 'பரவாயில்லையே'ம்பாங்க. தாழ்வாரம் நிறைஞ்சு போய் மாடிப்படி வரைக்கும் மாட்டினவன் தம்பி நான். அத்தனை நாடு! ஒருத்தனாவது அதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசினானா? பேசலை. அவங்களுக்கும் அங்க ஒரு தாழ்வாரம் இருக்கும், எங்க போட்டோவை மாட்டியிருப்பாங்க. அதுதான் நாகரிகம். ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்ணாம இருக்கறது.

இந்த ஒண்ணு மட்டும்தான் இப்படி வந்து மாட்டுச்சு. ஐரோப்பாவுல வடக்கால ஒரு நாடு. பாதி வருஷம் பனியாம். பல்கலைக்கழகத்துப் பேரு வாயில நுழையாது, மேடையில சொல்றதுக்காக நான் நாலு நாள் ஒத்திகை பார்த்தேன். ஆவணி மாசம் நல்ல முகூர்த்தம் பார்த்து வரச் சொன்னோம். அவங்க தரப்புல இங்கிரிட்னு ஒரு அம்மா தலைமை. ஐம்பது வயசு இருக்கும், முதுகுல ஒரு பை, கால்ல செருப்பு. அதுலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

நாங்க ஒரு குறை வைக்கலை. பூர்ண கும்பம், நாதஸ்வரம், பட்டுப்புடவை கட்டின பிள்ளைங்க ரெண்டு பக்கமும் தட்டு ஏந்தி வரிசையா, கும்மி, கோலாட்டம். மூணு மணி நேரம் வகுப்பு எல்லாம் நிறுத்திட்டோம். எங்க துணைவேந்தர் பரமானந்தம் ஐயா அந்தம்மாவுக்குப் பொன்னாடை போத்தினார். ஜரிகை தகதகன்னு மின்னுச்சு. பதிலுக்கு அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? பையிலேர்ந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்து என் கழுத்துல போட்டுது. துணைவேந்தருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சாம்பல் நிறம். கனம்னா கனம், கழுத்தெல்லாம் குத்துது. வேர்த்து ஊத்துது எனக்கு. நாம போடற பொன்னாடையை யாராவது போத்திக்கிட்டுத் தூங்குவாங்களா? அது மரியாதை, மடிச்சு வைக்கிறதுக்கு. இது என்னடான்னா நெஜமாவே குளிருக்குப் போத்திக்கிற சால்வை. மேடையில கொடுக்கற பொருளா அது? கூட்டம் முடிஞ்சதும் ஒரு பிளாஸ்டிக் உறையில திணிச்சு ஆபீஸ் பீரோவுல தூக்கிப் போட்டேன்.

அன்னிக்கு ஐயா பேசினார் பாருங்க, கேட்கணும் நீங்க. 'எங்கள் பல்கலைக்கழகம் உங்கள் வீடு. உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், எங்கள் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்வோம். எங்கள் பிள்ளைகளை உங்கள் மடியில் அனுப்பி வைப்போம்.' கைதட்டல்னா கைதட்டல். நான்தான் எழுதிக் கொடுத்தது. எல்லா நாட்டுக்காரங்களுக்கும் அதே பேச்சுதான், நாட்டுப் பேரை மட்டும் மாத்துவோம். எல்லாரும் கைதட்டறப்ப இந்தம்மா மட்டும் குனிஞ்சு என்னவோ குறிச்சுக்கிட்டு இருந்துச்சு. மேடையில உட்கார்ந்துக்கிட்டு எழுதலாமா? நான் அப்பவே பக்கத்துல இருந்த பதிவாளர்கிட்ட சொன்னேன், 'இது சரியா வராது சார்'னு.

நான் சொன்னது பலிச்சுது. ஒரு மாசம் போச்சு, மெயில் வருது. 'எங்கள் தரப்பில் நாலு மாணவர்களைத் தேர்வு செய்துவிட்டோம், தங்குவதற்கு என்ன ஏற்பாடு? உங்கள் தரப்பு நாலு பேர் யார்? அவர்களுக்குக் கட்டணம் கிடையாது, தங்குமிடமும் நாங்கள் தருகிறோம்.' நான் படிச்சேன், மூடினேன். பதில் போடலை. ஏன் போடணும்? நம்ம ஊர்ல பொண்ணு பார்த்துட்டுப் போறாங்க, ரெண்டு வாரம் தகவல் இல்லைன்னா என்ன அர்த்தம்? பிடிக்கலைன்னு அர்த்தம். யாராவது போன் போட்டு 'ஏன் தகவல் இல்லை'ன்னு கேட்பாங்களா? கேட்டா அசிங்கம். இவங்க கேட்டாங்க! மறுபடி மெயில். அப்புறமும் ஒண்ணு.

துணைவேந்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் கண்ணாடியை நெத்திக்கு மேல தூக்கி விட்டுக்கிட்டு, 'ஏன் தனுஷ்கோடி, இவங்களுக்கு வேற வேலை இல்லையா? ஆறப் போடுங்க, அதுவா அடங்கிடும்'னார். சரின்னு ஒரே ஒரு வரி பதில் போட்டேன். 'ஆவன செய்யப்படும்.' இங்கிலீஷ்லதான், ஆனா அர்த்தம் அதுதான். தம்பி, இந்த நாட்டுல ஒரு ஆபீஸ்ல 'ஆவன செய்யப்படும்'னு பதில் வந்தா உங்களுக்கு என்ன புரியும்? ஒண்ணும் நடக்காதுன்னு புரியும்! சின்னக் குழந்தைக்குப் புரியும்! அவங்களுக்குப் புரியலை. 'மிக்க நன்றி'ன்னு பதில் போட்டு, விமானத்துல ஏத்தி அனுப்பிட்டாங்க.

போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள். மாட்டுப் பொங்கல். யுனிவர்சிட்டி முழுக்க லீவு, மெஸ் மூடியாச்சு, ஹாஸ்டல்ல ஒரு ஈ காக்கா இல்லை. வாட்ச்மேன் போன் பண்றான், 'ஐயா, நாலு வெள்ளைக்காரப் பிள்ளைங்க கேட்ல நிக்குதுங்க, உங்க பேரைச் சொல்லுதுங்க.' கேட்டுக்கு ஓடினேன். துணைவேந்தருக்குப் போன் போட்டா 'நான் ஊர்ல இல்லை'ன்னு சொல்லச் சொல்லி அவர் வீட்டம்மா கிட்ட அவரே சொல்றது எனக்குக் கேட்குது. நான் எங்க போறது? நாலையும் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தேன். ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு. மூக்கெல்லாம் செவந்து தோல் உரிஞ்சு, தோள்ல ஆளுயர மூட்டை.

வீட்டுல நான், என் மனைவி செண்பகம், என் மக மணிமொழி. மணிமொழி எங்க யுனிவர்சிட்டியிலயே எம்.எஸ்ஸி. நிலவியல் முதல் வருஷம். செண்பகம் இட்லி வச்சா. ஒரு பையன் 'போதும்'னான். போதும்னா விட்டுடுவாளா அவ? இன்னும் ரெண்டு வச்சா. அவன் மறுபடி போதும்னான், மறுபடி வச்சா. அவன் கண்ணு கலங்கிச் சாப்பிடறான். என் மகதான் கையைப் பிடிச்சுத் தடுத்தா. 'அம்மா, அவங்க வேணாம்னா வேணாம்னு அர்த்தம்மா'ன்னா. செண்பகத்துக்கு ஒரே ஆச்சரியம். எனக்குக் கோபம். வேணாம்னா வேணாம், வாங்கன்னா வாங்க, இப்படி ஒரு பேச்சு உண்டா? அப்புறம் மனுஷனுக்கு மனுஷன் என்ன மரியாதை இருக்கு?

பத்து நாளைக்கு மேல என் வீட்டுலதான் கிடந்துதுங்க. அப்புறம் விருந்தினர் விடுதியில ரெண்டு ரூம் வாங்கிக் கொடுத்தேன். வகுப்புக்கு அனுப்பினா, துறைத் தலைவர் 'இதுங்களுக்கு வருகைப் பதிவுல பேர் இல்லையே, நான் எப்படி உட்கார வைக்கிறது'ங்கறார். பேர் எழுதணும்னா பதிவெண் வேணும். பதிவெண் வேணும்னா கல்விக் குழு கூடணும். கல்விக் குழு கூடணும்னா துணைவேந்தர் தேதி கொடுக்கணும். அவர் நாலு வெள்ளைக்காரப் பிள்ளைங்க இங்க இருக்கறதையே ஒத்துக்கலை. இதுல என் தப்பு என்ன, சொல்லுங்க! ஒண்ணுமில்லை. அதுங்க என் மகளோட கண்மாய் கண்மாயா சுத்துச்சுங்க. அவ ஏதோ வண்டல் மண்ணை எடுத்து ஆராய்ச்சி பண்றா. அதுங்களும் முட்டளவு சேத்துல இறங்கி மண் அள்ளுச்சுங்க. சாயங்காலம் என் வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்புலதான் வந்துது வினை. அதுல லீசான்னு ஒரு பொண்ணு, என் மகளைக் கேட்டிருக்கு. 'நாங்க நாலு பேர் இங்க வந்துட்டோம், உங்க நாலு பேர் எப்ப வராங்க? நீ ஏன் வரலை?'ன்னு. என் மகளுக்கு அப்பதான் விஷயமே தெரியும்.

ராத்திரி சாப்பாட்டுல கேட்டா. 'அப்பா, நம்ம பக்கத்துல நாலு பேர் போகலாமாமே, யாரை அனுப்பறீங்க?' நான் சொன்னேன், அதெல்லாம் மரியாதைக்கு எழுதிக்கிறதும்மா. 'மரியாதைக்கு எழுதினதுக்கா அவங்க நாலாயிரம் மைல் வந்திருக்காங்க?'ன்னா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? 'நான் விண்ணப்பிக்கிறேன்பா'ன்னா. நான் ஒத்துக்கலை. இயக்குநர் மக வெளிநாடு போறான்னா ஊர் என்ன பேசும்? இருபத்தெட்டு வருஷம் கறை படாம வேலை பார்த்தவன் நான். சரி, மத்தவங்களை அனுப்புங்கன்னா. மத்தவங்களை யார்னு அனுப்பறது? அறிவிப்புப் போட்டா சிண்டிகேட் உறுப்பினர் தம்பி மகனுக்குக் கேட்பார், அமைச்சர் வீட்டுலேர்ந்து போன் வரும், சாதிச் சங்கத்துக்காரன் வருவான். யாரையும் அனுப்பலைன்னா யாருக்கும் மனக்குறை இல்லை. இது எவ்வளவு நியாயமான முடிவு! இது அவளுக்குப் புரியலை.

அவளே அந்த இங்கிரிட் அம்மாவுக்கு எழுதிட்டா. அந்தம்மா அவ ஆராய்ச்சியைப் படிச்சுட்டு, 'உடனே வா, உங்கள் இயக்குநர் கையெழுத்து ஒன்று போதும்'னு எழுதிடுச்சு.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கிட்டு என் ஆபீஸுக்கு வந்தா தம்பி. வீட்டுல கொடுக்கலை. ஆபீஸுக்கு. வெளிய பெஞ்சுல மத்த பிள்ளைங்களோட உட்கார்ந்து, பியூன் பேர் கூப்பிட்டதுக்கு அப்புறம் உள்ள வந்து, மேஜைக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னா. 'சார், இதுல ஒரு கையெழுத்து வேணும்'ங்கறா. சார்! நான் தூக்கி வளர்த்த பொண்ணு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பேனாவைக் கூடத் தொடலை. நானும் அதே மாதிரி சொன்னேன், 'வச்சுட்டுப் போங்க. ஆவன செய்யப்படும்.'

'எப்ப சார்?'ன்னா.

'பார்க்கலாம்'னேன்.

நின்னா. கடிதத்தை என் மேஜையில வச்சா. அப்புறம் மெதுவா, 'நீங்க சொல்ற பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு ரெண்டாங் கிளாஸ்லேர்ந்து தெரியும்பா. இல்லைன்னு ஒரு தடவையாவது நேரா சொல்லியிருக்கலாம்'னா. போயிட்டா.

அது என்ன ரெண்டாங் கிளாஸ் கணக்குன்னா, அவளுக்குச் சைக்கிள் வேணும்னா, பார்க்கலாம்னேன். கடல் பார்க்கணும்னா, பார்க்கலாம்னேன். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல பேசறேன், வாங்கப்பான்னா, பார்க்கலாம்னேன். எந்த அப்பன் சொல்லலை? குழந்தை மனசு நோகக் கூடாதுன்னுதானே இல்லைன்னு சொல்லாம பார்க்கலாம்னு சொல்றோம்! அதுக்குப் பேர் பாசம் இல்லையா? அதையெல்லாம் ஒண்ணு விடாம மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா பாருங்க. அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம், அங்க போய் ஹாஸ்டல்! நான் யார்கிட்ட சொல்றது? கடைசித் தேதி போச்சு. கையெழுத்து நான் போடலை.

இதுங்க நாலும் அரைக்கல்வியாண்டு முடிஞ்சு ஊருக்குப் போச்சுங்க. வைகாசியில ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லை, வரவேற்பு இல்லை, இங்கிரிட் அம்மா ஆட்டோவுல வந்து நிர்வாகக் கட்டடத்து வாசல்ல இறங்குது. மாலை வாங்கக்கூட நேரம் இல்லை எங்களுக்கு. நேரா துணைவேந்தர் ரூம். நான், பதிவாளர், ஐயா. அந்தம்மா கத்தலை. கத்தியிருந்தா நாலு வார்த்தை நாமளும் கத்தலாம். ரொம்ப மெதுவாக் கேட்டுச்சு. 'உங்களுக்காக நாலு ரூம் ஒதுக்கி வச்சோம். படுக்கை விரிச்சு, கம்பளி போட்டு, கதவுல பேர் எழுத இடம் விட்டு, ஆறு மாசம் அந்த நாலு ரூமும் காலியா இருந்துச்சு. எங்க ஹாஸ்டல் பிள்ளைங்க என்னைத் தினம் கேட்டாங்க, எப்ப வராங்கன்னு. நீங்க மேடையில சொன்னதுல எது நிஜம், எது இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா நான் போயிடறேன்.'

நான் கேட்கறேன் தம்பி, படுக்கை விரிக்கச் சொன்னது யார்? நாங்களா சொன்னோம்? வரேன்னு உறுதி பண்ணாத ஆளுக்கு எவனாவது படுக்கை விரிப்பானா? கதவுல பேருக்கு இடம் விடுவானா? சில ராத்திரி எனக்கு அந்த நாலு படுக்கைதான் கண்ணு முன்னாடி வருது, எழுந்து உட்கார்ந்துக்கிறேன். அவ்வளவு கோபம் எனக்கு.

அந்த இடத்துல எங்க ஐயா, பரமானந்தம் ஐயா, அவருக்காக நான் எத்தனை பேச்சு எழுதியிருக்கேன், எத்தனை விமான நிலையத்துல அவர் பெட்டியைத் தள்ளியிருக்கேன், அவர் என் பக்கம் திரும்பி அப்படியே அதிர்ச்சியாகறார். 'தனுஷ்கோடி, இது எதையுமே நீங்க என் கவனத்துக்குக் கொண்டு வரலையே!' பச்சைப் பொய்! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'இயக்குநரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம், உடனடியாக ஆவன செய்யப்படும்'னுட்டார். நான் எழுதின அதே வார்த்தையை என் தலையிலயே போட்டார். கறிவேப்பிலை கூட குழம்புல கொதிக்கிற வரைக்கும் இருக்கும். என்னை அதுக்கு முன்னாலயே எடுத்து வீசிட்டாங்க. மறுநாள் பித்தளைப் பலகையைக் கழட்டியாச்சு, வணிகவியல் துறைக்குத் திரும்பிப் போன்னு உத்தரவு. மாடிப்படியில இருக்கற போட்டோ, அந்தம்மாவோட எடுத்தது, ஓரத்துல நான் நிப்பேன். அதையும் புதுசா பிரிண்ட் போட்டு என்னை வெட்டிட்டாங்க. என் தோள்பட்டை மட்டும் கொஞ்சம் தெரியுது.

என் இடத்துக்கு எஸ்தர்னு ஒரு அம்மா. விலங்கியல். அந்த எஸ்தர் என்ன பண்ணுது தெரியுமா? மெயில் வந்தா பதில் போடுது! அன்னிக்கே! முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுது! இருக்கற எம்.ஓ.யூ. எல்லாத்தையும் எடுத்து வச்சு, நடக்காததை எல்லாம் 'மன்னிக்கவும், எங்களால் இயலாது'ன்னு எழுதி முடிச்சுடுச்சு. பாதித் தாழ்வாரம் காலி. சுவத்துல ஆணி ஆணியா நிக்குது, பார்க்கவே சகிக்கலை. மதிப்பீட்டுக் குழு வந்தா என்னத்தைக் காட்டுவாங்க? ஆனா அந்தப் பனி தேசத்து ஒப்பந்தத்தை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எல்லாத் துறையிலயும் அறிவிப்பு ஒட்டி, வெளியாள் ரெண்டு பேரை வச்சு நேர்காணல் நடத்தி, நாலு பேரைத் தேர்ந்தெடுத்துடுச்சு. சிண்டிகேட் உறுப்பினர் போன் பண்ணாராம். 'நேர்காணலுக்கு வரச் சொல்லுங்க சார்'னு மட்டும் சொல்லிச்சாம். அவரும் விட்டுட்டாராம். அவ்வளவு லேசா விட்டுடற ஆள்னு என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு என்ன!

அந்த நாலுல ஒண்ணு மணிமொழி.

ஆமா. என் மகதான். நான் போட்ட ஒப்பந்தத்துல, எஸ்தர் போட்ட கையெழுத்துல போறா. கடைசி ஆறு மாச ஆராய்ச்சி அங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஃப்ளைட்டு. திருச்சி ஏர்போர்ட்லேர்ந்துதான். காலையிலயே யுனிவர்சிட்டி வேன்ல நாலு பிள்ளைங்களும், பெத்தவங்களும், எஸ்தரும் கிளம்பிப் போயிட்டாங்க. செண்பகமும் போயிட்டா. வேன்ல எனக்கு இடம் இருந்துதான்னு கேட்காதீங்க. நான் கேட்கலை, யாரும் சொல்லலை.

போறதுக்கு முன்னால துறைக்கு வந்தா. நான் வகுப்பு முடிச்சு வெளிய வரேன், படிக்கட்டுக்குக் கீழ நிக்கறா. புது ஷூ, தலையைச் சின்னதா வெட்டிக்கிட்டிருக்கா. என்கிட்ட நேரா பேசி எட்டு ஒன்பது மாசம் இருக்கும். 'போயிட்டு வரேன்பா'ன்னா. சரிம்மான்னேன். அங்க மைனஸ்ல இருக்குமாமேன்னேன். ஆமான்னா. அப்புறம், கொஞ்சம் யோசிச்சு, 'முடிஞ்சா ஏர்போர்ட்டுக்கு வாங்கப்பா'ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பார்க்கலாம்மா'ன்னேன்.

வாயில தானா வந்துடுச்சு தம்பி! முப்பது வருஷமா சொல்லிச் சொல்லி நாக்குலயே உட்கார்ந்திருக்கு. நான் அதை நினைச்சுச் சொல்லலை. அவ சிரிச்சா. சிரிச்சு, தலையை ஆட்டிட்டு வேனுக்குப் போயிட்டா. திரும்பிப் பார்க்கலை.

நான் அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்தேன். உட்கார முடியலை. பழைய ஆபீஸ் சாமான் ஒரு அட்டைப் பெட்டியில அங்கயேதான் கிடக்கு. கிளறினா இந்தச் சால்வை. அன்னிக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை. அவ ஸ்வெட்டர் வாங்கியிருப்பா, நம்ம ஊர்க் கடையில விக்கிறது என்ன ஸ்வெட்டர், அந்தக் குளிருக்கு ஆகுமா? இது அந்த ஊர்லயே நெய்தது. குத்தும். குத்தினாலும் குளிர் தாங்கும். எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அரை நாள் லீவு கூட எழுதிக் கொடுக்கலை, துறைத் தலைவர் நாளைக்கு என்னைக் கடிச்சுக் குதறப் போறார்.

இப்ப நீங்க சொல்லுங்க. படிச்சவரு, நாலு ஊர் சுத்தறவரு. அவ 'முடிஞ்சா வாங்க'ன்னது மரியாதைக்கா? மரியாதைக்குன்னா நான் போய் நின்னா அவளுக்குச் சங்கடம். எஸ்தர் இருக்கும், மத்த பிள்ளைங்களைப் பெத்தவங்க இருப்பாங்க, 'இந்த ஆள்தானே போன வருஷம் கையெழுத்துப் போடலை'ன்னு பார்ப்பாங்க. எவனோ ஒருத்தன் கூப்பிடாத வீட்டு வாசல்ல பெட்டியோட நின்ன மாதிரி ஆயிடும் என் நிலைமை. நெஜமாச் சொல்லியிருந்தாலோ... நெஜமாச் சொல்லியிருந்தா, நான் பார்க்கலாம்னு சொன்னதை என்னன்னு எடுத்துக்கிட்டிருப்பா? வரமாட்டார்னுதானே? ரெண்டாங் கிளாஸ்லேர்ந்து தெரியும்னாளே! அப்ப அவ என்னை எதிர்பார்த்துக்கூட நிக்க மாட்டா. நேரா உள்ள போயிடுவா. இவளை இப்படி வளர்த்தது யார்? வாயைத் திறந்து 'கண்டிப்பா வரணும்'னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? அது என்ன முடிஞ்சா? யார்கிட்ட கத்துக்கிட்டா இந்தப் பேச்சை!

டிக்கெட்டா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் எடுத்தேன். ஏர்போர்ட்டு முன்னாடியே வந்துடும். அங்க இறங்கினாலும் இறங்கலாம், இல்லைன்னா பஸ் ஸ்டாண்டு போய் ஒரு காபி சாப்பிட்டுட்டு அப்படியே திரும்பிடலாம்னு. நீங்க என்ன சொல்றீங்க? சிரிக்காதீங்க தம்பி. எனக்குக் கெட்ட கோபம் வரும். இறங்குங்கன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. நீங்க டாக்டர் கூப்பிட்டாலும் போவீங்க, கூப்பிடாட்டியும் போவீங்க.

அதுக்குள்ள வந்துட்டானா? அந்தச் சுவர்தானே? கம்பி வேலி? ஏர்போர்ட்டேதான். படுபாவி, இவ்வளவு நேரம் உருட்டிக்கிட்டு வந்தான், இப்பப் பார்த்து விரட்டறான். கேட்கறான் பாருங்க, 'ஏர்போர்ட் இறங்கறவங்க இருக்கா, ஏர்போர்ட்'னு. கேட்கறதைப் பாருங்க, கூட்டத்துல ஒரு தடவை கத்திட்டு எந்தப் பக்கமோ பார்த்துக்கிட்டு... விசில் ஊதறான்! தம்பி, விசில் ஊதிட்டான்!

யோவ் கண்டக்டர்! எதுக்குய்யா விசில் ஊதுற? ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்க மாட்டியா? தம்பி, காலை நகத்துங்க, பை கீழ விழுந்துடுச்சு, அந்தப் பையைக் கொடுங்க. யோவ், உன்னைத்தான்யா! இறங்க ஆள் இருக்கான்னு கேட்டேல்ல? நெஜமாத்தானே கேட்ட? நான் இருக்கேன்யா, வண்டியை நிறுத்து!